விளக்கு வைத்த பிறகு கேட்ட நெருப்பு

எழுபதுகளின் நடுவில், பெண்கள் என்ன பாடு படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை நாட்டில் பெரியவர்கள் சிலருக்கு வந்தது. அதற்கு முன்னால் தெரியாமலிருந்ததா என்று கேட்காதீர்கள். பாலக்காட்டில் சமூகவியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்கும் வேலைக்கும் நடுவில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த ஆசையால் ஒரு வேலை கிடைத்தது. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை ஒருத்தர், தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் நடக்கிற கொடுமைகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்யக் கிளம்பினார். தமிழில் பேசி, தமிழில் கேட்டு, எழுதித் தர ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் வீடு வாளையாரில். அப்பாவுக்குத் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்த ஒரு சிமெண்டு ஆலை ஆபீசில் வேலை. நான் கிளம்பிய அன்று அம்மா பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங் கண்ணு, அடுத்தவ ஊட்டுச் சண்டையப் போயி எழுதறதுக்கா சம்பளங் குடுக்கறாங்க?"

"ஆமாம்மா."

"நல்ல வேலதான். நம்மூட்டுச் சத்தம் ஒரு நாளும் வெளிய போனதில்ல. அதையும் எழுதிக்க."

அம்மா அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். அப்பா அம்மாவை அடிப்பார். ஏன் அடித்தார் என்று யாராவது காரணம் கேட்டால் எனக்குக் கோபம் வரும். குழம்பில் உப்பு, சட்டைக்குக் கஞ்சி, மாமா வீட்டிலிருந்து யாரோ வந்தது, யாரும் வராதது என்று என்னிடம் நிறையக் காரணங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கும் மதிப்பில்லை. எங்கள் வீடு கெட்டிச் சுவர் வைத்த வீடு. ஆலைக்காரர் வீட்டில் சிமெண்டுக்கா பஞ்சம். வெளியே கோயம்புத்தூர் ரோட்டில், செக்போஸ்டில் நிற்கிற லாரிகளின் உறுமல் எந்நேரமும் இருக்கும். உள்ளே அம்மா சத்தம் போடாமல் அழுவாள். அந்தச் சுவர்தான் எங்களை யாருக்கும் தெரியாமல் அடைத்து வைத்திருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே நினைத்து, அதை வெறுத்து வளர்ந்தவள் நான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தேவிகுளத்திலிருந்து ஜீப்பில் மலை சுற்றிச் சுற்றிப் போய்ச் சேர்ந்த தோட்டம் அது. பெயர் வேண்டாம். முதல் வாரம் நாங்கள் தோட்டத்து விருந்தினர் பங்களாவில் தங்கினோம். ஜீப்பிலிருந்து கண்ணாடி போட்ட இரண்டு பெண்கள் இறங்குவதைப் பார்த்ததுமே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் செடிகளுக்கு நடுவே குனிந்து காணாமல் போனார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அப்படி நினைப்பதில் தப்பே இல்லை. அந்தப் பயம் தெளிந்த பிறகும், பங்களா வராந்தாவுக்கு வரவழைத்துக் கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "ஒரு கொறையும் இல்ல டீச்சர்." மேனேஜரின் நாய்கூட அங்கே கேட்டுக்கொண்டு படுத்திருந்தது. வேறு என்ன சொல்வார்கள்?

பேராசிரியை புத்திசாலி. கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர், தெருவில் வேதம் கேட்டு வளர்ந்துவிட்டு, அந்தத் தெருவோடு சண்டை போட்டு வெளியே வந்தவர். அவர் என்னிடம் சொன்னார்: "நாம இங்க ஒக்காந்துண்டு கேட்டா அவா வாயே தெறக்க மாட்டா. நீ போய் லயத்துல இரு. கேள்வி கேக்காதே. சும்மா இரு."

லயம் என்றால் தொழிலாளிகளின் வீட்டு வரிசை. நீளமாக ஒரே கட்டடம், அதற்கு மேல் ஒரே தகரக் கூரை, உள்ளே வரிசையாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும். நான் போய்த் தங்கியது ஒரு விதவை வீட்டில். நாற்பது வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் மலையேறிய குடும்பம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அக்காவுக்கு அடுத்த அறையில் ஒரு சின்னப் பெண். கல்யாணமாகி ரொம்ப நாளாகவில்லை, பிள்ளை இல்லை. அவளைச் சின்னவள் என்று சொல்கிறேன். அவள் புருஷனுக்குத் தேயிலைப் பாக்டரியில் வேலை. மத்தியானம் போனால் ராத்திரிதான் வருவான்.

அந்த வீடுகளில் முதலில் என் கண்ணில் பட்டது சுவர்தான். அறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் வெறும் இடம். வெள்ளைக்காரன் கட்டும்போது செங்கல் மிச்சம் பிடித்திருக்கிறான். ஒரு வீட்டில் கடுகு வெடித்தால் வரிசை முழுக்கத் தும்மல். ஒரு வீட்டில் அடி விழுந்தால் வரிசை முழுக்க மௌனம். மழைக்காலத்தில் மட்டும் தகரத்தின் மேல் விழுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. மழைக்காலத்தில்தான் அடி அதிகம் என்று பெண்கள் சொன்னார்கள். அதை அவர்கள் வானிலை பற்றிப் பேசுகிற குரலிலேயே சொன்னார்கள்.

நான் போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சாயங்காலம் விளக்கு வைத்தாயிற்று. எங்கள் அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் ஓர் ஆண் குரல் கேட்டது. "இந்த மூலையிலயா ஒழுகுது? எங்க, காட்டு." சின்னவள் ஏதோ மெதுவாகச் சொன்னாள். பாத்திரம் ஒன்று விழுந்தது. அக்கா உடனே எழுந்து, சுவரைப் பார்த்து நல்ல உரக்கக் கூப்பிட்டார்.

"தாயி, நெருப்பு இருக்கா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உதவி செய்கிறோம் என்று நினைத்து, "அக்கா, என்கிட்ட தீப்பெட்டி இருக்கு" என்று பையைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பையை மூடிவிட்டேன். அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்ச் சின்னவளின் வாசலில் நின்றார். வரிசையில் இன்னும் இரண்டு வீடுகளிலிருந்து பெண்கள் சிரட்டையோடு வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில், உள்ளே பேசிய ஆள், தோட்டத்துச் சூப்பர்வைசர், குனிந்து வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "நாளைக்குத் தகரம் மாத்த ஆள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் மூன்று சிரட்டையிலும் கங்கு போட்டாள். கங்கு ஒன்று கீழே விழுந்தது.

பிறகு அக்கா சொன்னார். விளக்கு வைத்த பிறகு யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்; வீட்டு லட்சுமி வெளியே போய்விடுவாள். அதனால்தான் அந்த நேரத்தில் ஒருத்தி நெருப்புக் கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்று லயம் முழுவதற்கும் தெரியும். புருஷன் அடிக்கிற வீட்டுக்கும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்ட பிறகு அடித்தால் ஊருக்கே தெரியும்படி அடித்த மாதிரி ஆகும். அதனால் பெரும்பாலும் கை நின்றுவிடும். யார் ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"யாரு கண்டா டீச்சர். எங்கம்மா கேப்பா. அவளுக்கும் கேட்டிருக்காக."

சூப்பர்வைசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கங்காணி முறை சட்டத்தில் ஒழிந்துபோயிருந்தது, ஆனாலும் வயதானவர்கள் அவரைக் கங்காணி என்றுதான் சொன்னார்கள். அந்த ஆளின் பலம் முழுவதும் காலையில் இருந்தது. காலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து யாருக்கு எந்த நிரை என்று அவர்தான் பிரிப்பார். நிரை என்றால் ஒருத்தி பறிக்க வேண்டிய செடி வரிசை. கீழ்ச் சரிவில் நிரை கிடைத்தால் நல்ல கொழுந்து, பக்கத்திலேயே பத்துப் பெண்கள், பேச்சும் சிரிப்புமாகப் பொழுது போகும். மேமலை என்று ஒன்று இருந்தது. சோலைக்காட்டின் ஓரம், பாதி முற்றிய செடி, ஒருத்தியோ இரண்டு பேரோதான் போவார்கள், கூப்பிட்டால் குரல் காட்டுக்குள் போய்விடும். அங்கே மேற்பார்வை பார்க்கவும் அவரே வருவார். எல்லாருக்கும் தெரியும். யூனியன்காரரிடம் ஒருமுறை சொன்னார்களாம். அவர் வேலை நேரத்தைப் பற்றிய பிரச்சினையா என்று கேட்டாராம்.

சின்னவள் தண்ணீர்க் குழாயடியில் என்னோடு பேசினாள். குடம் நிரம்புகிற சத்தத்தில் பேசுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

"டீச்சர் எழுதுறதுல எம் பேரு வருமா?"

"வராது. சத்தியமா வராது."

"அப்ப யாருக்கு நடந்ததுன்னு எழுதுவீக?"

"ஒரு தொழிலாளிப் பெண்ணுக்குன்னு எழுதுவோம்."

"இங்க எல்லாரும் தொழிலாளிப் பொண்ணுதான" என்றாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை. "எனக்கு ஒண்ணு மட்டும் வேணும் டீச்சர். சாயங்காலம் என் வீட்டுக்குள்ள நான் பயமில்லாம அடுப்புப் பத்த வைக்கணும். அம்புட்டுதான்."

அவ்வளவுதான். அந்த ஆய்வு முழுக்க நான் கேட்டதிலேயே மிகச் சின்ன ஆசை அதுதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கூடத்தில் பேராசிரியை எல்லாப் பெண்களையும் கூட்டினார். ஆண்கள் யாரும் இல்லை. தொட்டில் கயிறுகளுக்கு நடுவில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேராசிரியையும் தரையில்தான் உட்கார்ந்தார். உங்களுக்கு என்ன மாற வேண்டும், நீங்களே சொல்லுங்கள், நாங்கள் எதையும் சேர்க்கவும் மாட்டோம் விடவும் மாட்டோம் என்றார். அது அவருடைய கொள்கை. பெண்களைப் பற்றி இத்தனை காலமும் வேறு யாரோ முடிவு செய்தார்கள், இனி அவர்களே சொல்லட்டும் என்பார். அந்தக் கொள்கையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அதனால்தான் என்னால் யார்மீதும் முழுசாகக் கோபப்பட முடியவில்லை.

முதலில் எழுந்து நின்றவள் சின்னவள்.

"சுவரு கூரை வரைக்கும் வேணும்மா" என்றாள்.

கூடத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்தார்கள். ஆமாம், சுவர் வேணும். புதுசாக் கல்யாணம் ஆனவர்கள் வாயில் துணி வைத்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கிறது. வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டு வளருகின்றன. அடி வாங்குவதுகூடப் பெரிதில்லை, காலையில் குழாயடியில் எல்லாரும் பாவமாகப் பார்ப்பதுதான் தாங்கவில்லை. ஒருத்தி சொன்னாள், "நாயிக்குக்கூட தனியாப் போயி படுக்க ஒரு எடம் இருக்கும்மா." எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். பேராசிரியையும் துடைத்தார்.

அக்கா மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். வெளியே வந்ததும் கேட்டேன்.

"நீங்க ஏன்கா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல. அந்த ஆளு அவகிட்ட பேசுற பேச்சு நமக்குக் கேக்குதுல்லா. கேக்குறவுகதான கதையா மத்தவுகளுக்குச் சொல்லுதாக. அவ புருஷன் காதுக்குப் போனா அவள வச்சிருப்பானா? அவளுக்குச் சுவரு வேணும்னுதான் இருக்கும்." வெற்றிலையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு வேண்டாம். ஆனா அத நான் எப்படிச் சொல்ல? ஒன் அவமானத்தை நாங்க கேட்டுக்கிட்டே இருக்கோம், அப்படியே இருன்னா?"

பாலக்காடு திரும்பி அறிக்கை எழுதும்போது நான் பேராசிரியையிடம் சண்டை போட்டேன். சண்டை என்றால் சண்டைதான். அவர் அறையில், அவர் நாற்காலிக்கு எதிரில் நின்றுகொண்டு. சுவரை எழுப்பினால் நெருப்புக் கேட்க முடியாது என்றேன். எங்கள் வீட்டைப் பற்றியும் சொன்னேன். கெட்டிச் சுவர், கெட்டிக் கதவு, உள்ளே என் அம்மா. இத்தனை வருஷத்தில் ஒருத்திகூட வந்து கதவைத் தட்டியதில்லை என்றேன். யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் ஒருத்தரிடம் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ சொல்றது வாஸ்தவம். ஆனா அது உங்காத்துக் கதை. அவா வாயால கேட்டது சுவரு. பயந்துண்டு கெடந்த பொண்ணு எழுந்து நின்னு கேட்டிருக்கா. உனக்கு நல்லது எதுன்னு உன்னைவிட எங்களுக்குத் தெரியும்னு நாம எழுதினா, மத்தவா எழுதினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் என் பேச்சைத் தள்ளிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிரை பிரிக்கிற அதிகாரம் ஒரே ஆளின் கையில் இருக்கக்கூடாது, முறை வைத்துப் பிரிக்க வேண்டும், பெண்களை மேற்பார்வை பார்க்கப் பெண்ணையே போட வேண்டும் என்று அறிக்கையில் முதலில் அதைத்தான் எழுதினார். சுவரைக் கடைசியில் எழுதினார். தோட்டத்து நிர்வாகம் கடைசியிலிருந்து படித்தது. சுவர் எழுப்பச் செங்கல்லும் கொத்தனாரும் போதும். மற்றதற்கு ஒரு மனிதரை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டும். எது நடக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

அடுத்த வருஷம் மழை விட்டபிறகு என்னை மறுபடி அனுப்பினார்கள். நம் ஆய்வால் ஒரு நல்லது நடந்திருக்கிறது, அதைப் பார்த்து எழுதி வா என்றார் பேராசிரியை. குரலில் சந்தோஷம் இருந்தது. வருஷம் முழுக்க இந்தக் கொடுமைகளையே கேட்டு எழுதிய மனுஷிக்கு அந்தச் சந்தோஷம் வேண்டித்தானே இருந்தது.

லயத்தில் எல்லாச் சுவரும் தகரத்தைத் தொட்டு நின்றன. புதுச் சுண்ணாம்பு வாடை. நான் முதலில் சின்னவள் வீட்டுக்குத்தான் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உட்காரப் பலகை போட்டாள், பால் இல்லாத கட்டன் காப்பி கொடுத்தாள். சுவர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இந்த முட்டாள்தனமான கேள்வியைக் கேட்கத்தான் என்னைச் சம்பளம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"நல்லா இருக்கு டீச்சர். வெளிய ஒண்ணும் கேக்காது."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது உனக்கு எங்கே நிரை என்று கேட்டேன். "கீழதான். எப்பவும் கீழதான்" என்றாள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்துகொள்வதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். காப்பி கசந்தது. முழுவதையும் குடித்தேன்.

அக்கா வீட்டில், விறகு அடுக்கியிருந்த மூலையில், அக்கா நாலு கட்டை விறகை நகர்த்திச் சுவரின் அடியைக் காட்டினார். சுண்ணாம்புக்கு நடுவில் கை விரல் இரண்டு நுழைகிற அளவில் ஒரு வட்டம், செம்மண் நிறத்தில். சுவர் கட்டி முடித்ததும் அந்த இடத்தில் கவாத்துக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை தோண்டினாராம், செடி வெட்டுகிற அந்தக் கத்தியின் முனை மழுங்கிப்போகிற வரைக்கும். வாயை வைத்துக் கூப்பிட்டால் அந்தப் பக்கம் கேட்கும், காதை வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். அது வழியாக இரண்டு மூன்று தரம் நெருப்புக் கேட்டார், சூப்பர்வைசர் போய்விட்டார்.

"பெறகு ஒரு நாளு, விளக்கு வச்சாச்சு, அந்தாளு உள்ள இருக்காருன்னு தெரிஞ்சு வாயை வைக்கப் போறேன். அங்கிட்டிருந்து ஈர மண்ணு வருது டீச்சர். பெருவிரலு தெரிஞ்சுது. வச்சு அமுக்குதா. அவதான். அவ விரலு எனக்குத் தெரியாதா?"

அக்கா சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன். மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சின்னவள் அக்காவின் பக்கத்தில் வந்து நின்று, முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாளாம். அவள் சொன்னதை அக்கா அப்படியே எனக்குச் சொன்னார்.

"அக்கா, நீ நெருப்புக் கேட்ட மறுநாளெல்லாம் நான் எங்க போனேன்னு ஒனக்குத் தெரியும்லா? மேமலைக்கு. ஒவ்வொரு தடவையும். அங்க நெருப்புக் கேக்க யாரு இருக்கா? வீட்லயாவது கூரை இருக்கு, பாய் இருக்கு. எம் புருஷனுக்குத் தெரியாது. இனி கேக்காதக்கா."

நாங்கள் எல்லாரும், பேராசிரியை, நான், அக்கா, சிரட்டையோடு வாசலில் வந்து நின்ற பெண்கள், சாயங்காலத்தைத்தான் பார்த்திருக்கிறோம். அவளுக்கு மறுநாள் காலை என்று ஒன்று இருந்தது. நெருப்புக் கேட்டுக் காப்பாற்றிய ஒவ்வொரு சாயங்காலத்துக்கும் அவள் மறுநாள் சோலைக்காட்டு ஓரத்தில் ஈடு கொடுத்திருக்கிறாள். அரைச்சுவர் இருந்தபோதும் அவள் தப்பவில்லை, முழுச்சுவர் வந்தபிறகும் தப்பவில்லை. எங்கள் சண்டையெல்லாம் செங்கல்லைப் பற்றியதாக இருந்திருக்கிறது.

அன்று நான் அங்கேயே தங்கினேன். சாயங்காலம் விளக்கு வைத்ததும் பக்கத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கொத்தனார் வேலை சுத்தம். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நாளைக்கு நீங்க ஜீப்புல ஏறிப் போயிருவீக" என்றார். பிறகு சிரட்டையை எடுத்துக்கொண்டு, விறகு மூலைக்குப் போய் அந்த மண் வட்டத்துக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தாயி, நெருப்பு இருக்கா" என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டார். எங்கள் அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

என்ன எழுதிக் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். நடந்ததை எழுதினேன், ஒரு தொழிலாளிப் பெண் என்று. சுருக்கும்போது அது ஒரு வரியாயிற்று. அந்த வரியை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சூப்பர்வைசர் பிறகும் அங்கேயே இருந்தார். சின்னவளைப் பற்றி அதற்கு மேல் நான் எதுவும் கேள்விப்படவில்லை, போய்ப் பார்க்கிற தைரியமும் வரவில்லை.

வாளையார் வந்து அம்மாவிடம் சொன்னேன். வழக்கமாக என் வேலையைப் பற்றி அம்மாவிடம் பேசமாட்டேன். அன்று சமையலறையில், அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, சுவர், சிரட்டை, ஈர மண், பெருவிரல் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மா களைந்த தண்ணீரைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள செஞ்சது எனக்கு வெளங்குது கண்ணு" என்றாள்.

"எப்படிம்மா?"

"பக்கத்து ஊட்டு டிரைவர் சம்சாரம் இருந்தாங்கல்ல, நீ சின்னப் புள்ளைல. அந்தம்மா ஒருக்கா வந்து கதவத் தட்டுனாங்க. மறுக்காவும் வந்தாங்க. 'ஏனுங்க, என்னுங்க சத்தம்'னு. நாந்தான் ஒண்ணுமில்லீங்க, பூனை பாத்தரத்தத் தள்ளிருச்சுங்கன்னு சொல்லி அனுப்புச்சேன். அதுக்கப்பறம் அவங்க வரல."

சுவர் கெட்டி என்பதால் யாருக்கும் கேட்கவில்லை என்று நான் இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். அதை வைத்துப் பேராசிரியையின் அறையில் நின்று வாதாடியிருந்தேன். கேட்டிருக்கிறது. ஒருத்தி வந்தும் இருக்கிறாள்.

"ஏம்மா அனுப்புன?"

அம்மா முன்னறையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க பாத்துட்டுப் போயிருவாங்க கண்ணு. கதவச் சாத்துனப்பறம் உள்ள இருக்கறது நானும் அவருந்தான."

அரிசி களைந்த தண்ணீரை அம்மா தொட்டிக்குள் ஊற்றினாள். முன்னறையிலிருந்து அப்பா காப்பி கேட்டார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள்.